படிக்கட்டில் குடியிருப்பவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்

நேற்று ராத்திரியிலிருந்து இன்பாக்ஸில் ஆளாளுக்கு "விட்டுத் தள்ளுங்க அக்கா" என்கிறீர்கள். விடத்தான் நினைத்தேன், முடியவில்லை. கமெண்டில் எழுதினால் மறுபடி சிரிப்பு முகங்கள்தான் வரும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிவு, யார் எழுதியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். ஊரின் எல்லாத் தெருக்களையும் நடந்து முடித்துவிட்டதாகவும் ஆப் நூறு சதவீதம் காட்டுவதாகவும் சொல்லி, நடந்த தெருவுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்ட வரைபடத்தைப் போட்டிருந்தார். நானும் வருஷக்கணக்காக அதே மாதிரி நடப்பவள்தான், மனதார வாழ்த்தினேன். அந்தக் கமெண்ட் இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். வாழ்த்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். குன்றின் மேற்குச் சரிவு முழுக்க வெள்ளையாக இருக்கிறதே, அந்தப் படிக்கட்டுச் சந்துகளெல்லாம் இன்னும் பாக்கியா என்று. அதற்கு வந்த பதில்: "வண்டி போகாத இடமெல்லாம் கணக்கில் வராது அக்கா. பொறாமைப்படாம பாராட்டக் கத்துக்கோங்க."

பொறாமைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த முதல் வரி.

சமதளத்து ஊரில் இருப்பவர் இப்படிச் சொன்னால் புரிந்துகொள்வேன். அங்கே படிக்கட்டு என்பது வீட்டு வாசலிலோ பாலத்திலோ இருப்பது. மலையூர்க்காரர் சொல்லலாமா? வண்டிக்குச் சரிவு மெதுவாக இருக்க வேண்டும், அதனால் சாலை குன்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து ஏறுகிறது. மனுஷக் காலுக்கு அந்தச் சுற்று தேவையில்லை. கீழ்ச் சாலைக்கும் மேல்ச் சாலைக்கும் நடுவே நேராக ஏறுகிறது படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் வீடுகள். அந்த வீடுகளுக்குக் கதவு எண் உண்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, தபால் வருகிறது. வண்டி மட்டும்தான் வராது. அங்கே கால் வைக்காமல் ஊரை முடித்துவிட்டேன் என்றால், முடிந்தது சாலை. ஊர் முடியவில்லை.

இதை நான் புதிதாகக் கிளப்பவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபில்பர்ட் தெரு என்று ஒன்று. ஓரிடத்தில் அதன் சரிவு 31.5 சதவீதம், அங்கே கார் போகிறது. அதே தெரு டெலிகிராஃப் குன்றின் கிழக்குப் பக்கம் வந்ததும் படிக்கட்டாக மாறிவிடுகிறது. படியை ஒட்டியே வீடுகள், தோட்டங்கள். கார் நின்றுவிட்டதால் அந்த ஊர்க்காரர்கள் தெருவின் பெயரை அந்த இடத்தோடு நிறுத்திவிடவில்லை. அதே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எழுநூறுக்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. அதில் எத்தனையோ படிக்கட்டுகள் அந்த நகரத்தின் வரைபடத்தில் தெருவாகவே பதிவாகியிருக்கின்றன. மேலே குடியிருந்த தொழிலாளிகள் கீழே எஃகு ஆலைக்கு வேலைக்கு இறங்கிய வழி அது. கொலம்பியா நாட்டு மெடெயின் நகரத்தில் 2011-இல் ஒரு மலைச்சரிவுக் குடியிருப்புக்கு வெட்டவெளியில் நகரும் படிக்கட்டே போட்டுக் கொடுத்தார்கள். வண்டி போகாத இடத்துக்கு அரசாங்கம் செலவு செய்கிறது, நாம் கணக்கிலேயே சேர்க்க மாட்டோமாம்.

கணக்கு என்று அவர்தான் ஆரம்பித்தார். சரி, கணக்கையும் பார்ப்போம்.

ஒரு ஊரின் எல்லாத் தெருவையும் குறைந்த தூரத்தில் நடந்து முடிப்பது எப்படி என்பது கணிதத்தில் பெயர்பெற்ற கேள்வி. கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் தலா ஒரே ஒரு தடவை மட்டும் கடந்து வர முடியாது என்று ஆய்லர் 1736-இல் நிறுவியதில் தொடங்கியது. ஒரு தபால்காரர் எல்லாத் தெருவுக்கும் போய்விட்டு ஆபீசுக்குத் திரும்ப மிகக் குறுகிய வழி எது என்று 1960-இல் குவான் மெய்கு என்ற சீனக் கணிதர் அதைக் கேட்டார். விஷயம் இதுதான். நாலு தெரு சேரும் முனையில் சிக்கல் இல்லை, ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறலாம். மூன்று தெரு சேர்ந்தாலோ, தெரு முட்டிக்கொண்டு நின்றாலோ, நடந்த இடத்தையே திரும்ப நடக்க வேண்டிவரும். மலையூரில் இந்த இரண்டும்தான் அதிகம். ஒவ்வொரு முட்டுச்சந்தையும் இரண்டு தடவை நடந்தாக வேண்டும், உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை. அதில் ஒன்று கட்டாயம் ஏற்றம்.

ஆனால் அந்த முட்டுச்சந்தின் கோடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பாதி இடங்களில் அது முட்டவே முட்டாது. கடைசி வீட்டின் தடுப்புச் சுவருக்கும் மழைநீர் வாய்க்காலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருக்கும். அதிலிருந்து படி இறங்கும். வண்டிக்கு அது முடிவு, காலுக்கு அது வழி. வரைபடத்தில் "முட்டுச்சந்து" என்று பார்த்துவிட்டு பாதியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அவர் வண்டியில் போனார் என்று நான் சொல்லவில்லை. நடந்துதான் போயிருப்பார். வண்டிக்காரரின் கண்ணோடு நடந்தார் என்கிறேன்.

இன்னொன்று, அந்த "நூறு சதவீதம்". ஆப் காட்டும் நூறு எதில் நூறு? யாரோ ஒரு தன்னார்வலர் வரைந்து வைத்த வரைபடத்தில் நூறு. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற அந்தப் பொது வரைபடத்தில் படிக்கட்டைக் குறிக்கவென்றே தனிக் குறிச்சொல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேர்க்காத ஊரில் அந்தப் படிக்கட்டு ஆப்பைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. அங்கே குடியிருப்பவர்களும் அப்படித்தான்.

"ரிக்கி கேட்ஸ் 2018-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் தெருக்கள் முழுவதையும் ஒன்றரை மாதத்தில் ஓடி முடித்தார், நீங்கள் வருஷக்கணக்காக நடக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஓடிய தூரம் 1,300 மைலுக்கு மேல். ஓட்டமே தொழிலாகக் கொண்ட விளையாட்டு வீரர் அவர். வணங்குகிறேன். நான் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் நடப்பவள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தூரத்தை மட்டும் போட்டுப் பெருமைப்படுவது மலையூரில் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-லேயே ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்றால், ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்துக்கும் கூடவே பத்து நிமிடம். இறக்கம் சும்மா வருகிறது என்று நினைப்பவர்கள் மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்து பார்க்க வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. வலி உடனே தெரியாது, ஒருநாள் கழித்துப் பிடித்துக்கொள்ளும். மேற்குச் சரிவின் படிக்கட்டுகள் ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல், அதற்கடுத்தது பாதி உடைந்து கம்பி தெரியும். சிமெண்ட் ஈரமாக இருந்தபோது ஓடிய நாயின் கால்தடம் ஒரு படியில் அப்படியே இருக்கிறது. கைப்பிடிக் குழாயில் ஆட்கள் பிடிக்கும் இடம் மட்டும் பெயின்ட் போய் வழுவழுவென்று இருக்கும். எந்த இடத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். இதையெல்லாம் பார்க்காமல் முடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

"படிக்கட்டில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பவர்களுக்கு: நியாயமான பயம், மழைக்காலத்தில் நானே போக மாட்டேன். ஆனால் அங்கே வீடு இருப்பவர்கள் மழையிலும் ஏறி இறங்குகிறார்கள், பள்ளிக்கூடப் பையோடு, காய்கறிப் பையோடு, தோளில் சிலிண்டரோடு. நாம் ஒரு தடவை போவது ஆபத்து, அவர்கள் தினமும் போவது சாதாரணம் என்பதை மட்டும் யோசியுங்கள்.

"தனியார் பாதையில் நுழையச் சொல்கிறீர்களா?" இல்லை. கேட் போட்டிருந்தால் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"முட்டிவலிக்காரர் என்ன செய்வார், சக்கர நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வார்?" இதைக் கேட்டவர் என்னை மடக்கிவிட்டதாக நினைத்திருக்கலாம். அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இந்த இந்தச் சந்துகளுக்கு என்னால் போக முடியவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பட்டியலுக்கு முன்னால் நானே கைகட்டி நிற்பேன். ஏன் முடியவில்லை என்று ஊரே யோசிக்கும். போக முடியாததும் போக மறுத்ததும் ஒன்றல்ல. கணக்கில் வராது என்பது மூன்றாவது ரகம். அதுதான் உறுத்துகிறது.

"ஏழைகள் வீட்டை வேடிக்கை பார்க்கிறீர்கள்" என்றும் ஒருவர். இது எனக்கும் இருக்கும் பயம்தான். படியில் நடந்தால் ஜன்னல் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சமையலறைப் பேச்சு காதில் விழுகிறது. அதனால் அங்கே நான் போட்டோ எடுப்பதில்லை, நின்று பார்ப்பதில்லை, யாராவது "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். நம் ஊரில் எல்லாத் தெருவையும் நடந்து பார்க்கிறேன், இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று. இதுவரை அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. மூச்சு வாங்கி நின்றவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "எங்க பக்கம் எல்லாம் யாரும்மா வர்றா" என்று ஒரு பாட்டி சொன்னார். முட்டிவலியால் அவர் கீழே இறங்கி வருஷங்கள் ஆகின்றன. கீழே பேருந்து நிறுத்தத்துப் பெரிய மரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியே நிற்கிறதா, கிளையை வெட்டிவிட்டார்களா என்று மறுபடி கேட்டார். அவரைத்தான் கணக்கில் வராது என்கிறார்கள்.

இப்போது பொறாமை.

நான் படிக்கட்டு வீட்டில் வளர்ந்தவள். பழைய நண்பர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு இதுவரை சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. அப்பாவுக்கு ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் கீழ்ச் சாலையில் வந்து நின்றது. அதற்கு மேல் அது வர முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, அம்மாவின் புடவையால் இடுப்போடு கட்டி இறக்கினார்கள். முன்னால் போகிறவர்கள் தோளுக்கு மேலே தூக்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் குனிந்து பிடிக்க வேண்டும், அப்போதுதான் நாற்காலி சாயாமல் இருக்கும். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. படிக்கட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா பயந்துபோய் கைப்பிடிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கண்ணே, நாங்க பிடிச்சிருக்கோம்" என்று சொல்லிச் சொல்லித்தான் இறக்கினார்கள். நான் பின்னாலேயே அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன். அப்பா பிழைத்து வந்தார். வந்தவரை அதே நாலு பேர் அதே நாற்காலியில் மேலே ஏற்றினார்கள். அப்புறம் அவர் கீழே வந்தது குறைந்துபோயிற்று.

அப்பாவுக்காகத்தான் நடக்கிறேன் என்று நான் எங்கும் எழுதியதில்லை. இப்போதும் அப்படி இல்லை. எனக்கு நடக்கப் பிடிக்கும், நடக்கிறேன். ஆனால் வண்டி போகாத இடம் கணக்கில் வராது என்று ஒருவர் எழுதி, அதற்கு அத்தனை பேர் சிரித்தபோது, அந்த நாலு பேர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பொறாமை என்றால் நான் என்ன சொல்ல? அவர் நடந்த தூரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருப்பார், அதன் அருமை எனக்குத் தெரியும். "சாலைகள் முடிந்தன, படிக்கட்டுகள் பாக்கி" என்று எழுதியிருந்தால் முதல் லைக் என்னுடையதாக இருந்திருக்கும்.

நியூசிலாந்தின் பால்ட்வின் தெருவுக்கும் வேல்ஸின் ஹார்லெக் ஊர்த் தெருவுக்கும் உலகத்திலேயே செங்குத்தான தெரு எது என்று போட்டி வந்தது ஞாபகம் இருக்கிறதா? 2019-இல் கின்னஸ்காரர்கள் ஹார்லெக்குக்குக் கொடுத்த பட்டத்தை, சரிவைச் சாலையின் நடுக்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்று 2020-இல் திரும்ப வாங்கி, 34.8 சதவீதச் சரிவுள்ள பால்ட்வினுக்கே கொடுத்தார்கள். ஒரு தெருவை எந்த ஓரத்தில் நின்று அளப்பது என்பதற்கே அவ்வளவு பேச்சு. அந்தத் தெருக்காரர்கள் தங்கள் தெருவை விட்டுக்கொடுக்கவில்லை. நான் என் தெருவை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்?

அந்தத் தம்பியிடம் கேட்பது ஒன்றுதான். பதிவை எடுக்க வேண்டாம், பொறாமை என்ற அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். இந்தப் பதிவின் கீழே "படிக்கட்டு எப்படிங்க தெரு ஆகும்" என்று மறுபடி ஆரம்பிப்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

வருகிற ஞாயிறு காலை மேற்குச் சரிவுக்குப் போகிறேன். மேலே தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆரம்பித்து, வரைபடத்தில் இல்லாத படிக்கட்டுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்து, ராத்திரி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றப்போகிறேன். வர விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அவரும் வரலாம். பிடிப்புள்ள ரப்பர் செருப்போ ஷூவோ போட்டு வாருங்கள், தண்ணீர் கொண்டு வாருங்கள், வீடுகளைப் படம் எடுக்காதீர்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் அடுத்த வாரம் போகலாம், பாசி காய இரண்டு நாளாவது ஆகும்.