பழைய கியூபைக் கண்ணாடிக்குள் வைக்காதீர்கள்

பக்கத்துக்கு ஒரு நிறம் வரும்படி திருகிச் சேர்க்கிற ரூபிக் கியூப் போன்ற திருகுப் புதிர்களைச் சேகரிக்கிறவர்களில் சிலர் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கியூப் கையில் புழங்க வேண்டிய பொருள்.

செங்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கியூப் இரண்டு வழியாக வந்தது. ஒன்று வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டி. புனலூர்ச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்தால் எங்கள் தெருவே பார்க்க வரும். இன்னொன்று குற்றாலத்துச் சீசன் கடை. வீட்டுக்கு ஒரு கியூப்தான். மாமா ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்து, "யாரும் தொடாதீங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போவார். அவர் திரும்புவதற்குள் அத்தை கலைத்திருப்பார். பழைய கியூபைப் பார்த்தால் மனசு இளகுவது இதனால்தான். அது ஒருவர் பொருளாக இருந்ததே இல்லை.

கியூபைக் கண்டுபிடித்த எர்னோ ரூபிக், ஹங்கேரியின் புடாபெஸ்டில் கட்டடக்கலை ஆசிரியராக இருந்தவர். 1974இல் தான் செய்த கியூபைத் தானே சேர்க்க அவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. 1982இல் அதே ஊரில் நடந்த உலகப் போட்டியில் மின் தாய் (Minh Thai) என்பவர் 22.95 வினாடியில் சேர்த்து வென்றார். இன்று காந்தம் வைத்த கியூபில் நான்கு வினாடிக்குள் முடிக்கிறார்கள். பெரிய திறமைதான், பார்க்கவே பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் இறுகிப்போன பழைய கியூபில் ஒவ்வொரு திருகலுக்கும் கை தாமதிக்கும். அந்தத் தாமதத்தில்தான் ஒரு மூலை எங்கே கிளம்பி எங்கே போய் உட்காருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். குழந்தைகளுக்கு எடுத்ததுமே ஃபார்முலாவைத் திணிக்காமல், இதைக் கொஞ்ச நாள் பார்க்க விடலாம்.

கழற்றிப் பார்க்கவும் விடுங்கள். மேல் அடுக்கை 45 பாகை திருப்பி, ஓரத் துண்டை விரலால் நெம்பினால் 'டக்'கென்று வந்துவிடும். உள்ளே ஆறு கை நீட்டிய ஒரு நடுத்தண்டு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு ஸ்குரூ, ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். இதற்குள்தான் 43க்குப் பின்னால் 18 இலக்கம் வருகிற அளவுக்கு அமைப்புகள். எப்படிக் கலைத்தாலும் 20 திருகலுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010இல் நிரூபித்திருக்கிறார்கள். (இறுகிய கியூபுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழற்றிய துண்டுகளைக் கண்டபடி மாட்டினால், பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான் அது சேரக்கூடிய கியூபாக அமையும். ஒரே ஒரு மூலை திரும்பி உட்கார்ந்தாலும் போச்சு, யார் திருகினாலும் சேராது. அப்படி ஒரு கியூபை வைத்துக்கொண்டு "எனக்கு மண்டை இல்லை" என்று ஒதுங்கிய பிள்ளைகள் எத்தனையோ. உங்கள் வீட்டுப் பழைய கியூப் கடைசித் துண்டில் அடம்பிடித்தால் கழற்றி, நிறம் பார்த்து ஒழுங்காக மாட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

என்னிடம் கியூப்கள் இருக்கின்றன, முக்கோண முகம் கொண்ட பிரமிங்க்ஸ் இருக்கிறது. 24 ஆப்புத் துண்டுகள் கோத்த அந்தக் காலத்து ரூபிக் பாம்புதான் இல்லை. தென்காசி, ஆரியங்காவு, புனலூர் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள். ஸ்டிக்கர் உரிந்த கியூப் இருந்தாலும் கொண்டுவாருங்கள், சும்மாவே சரிசெய்து தருகிறேன். தருவதற்கு முன் ஒரு தடவை கலைத்துச் சேர்த்துப் பார்ப்பேன், அதற்கு மட்டும் சம்மதிக்க வேண்டும்.