சுவீகாரப் பத்திரம் இருந்தால் விசா கிடைத்துவிடாது
"காரைக்குடியில் பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் கூட்டி (தத்தெடுத்து), பத்திரம் பதிந்தால் மறுமாதமே அமெரிக்கா அழைத்துப்போகலாம்" என்று சிலர் சொல்வது தவறு. அந்தச் சுவீகாரம் சொத்துக்குச் செல்லும், விசாவுக்குச் செல்லாது.

இந்தியா, அமெரிக்கா இரண்டும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால் வரிசை மாறக்கூடாது. முதலில், தத்தெடுப்பவர் தகுதியானவர் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ஐ-800ஏ ஒப்புதல். பிறகு அந்தக் குழந்தைக்கான ஐ-800 தற்காலிக ஒப்புதல், தத்தைத் தொடரலாம் என்று அமெரிக்கத் தூதரகம் தரும், உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவுக் கடிதம், இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையின்மைச் சான்று. அதற்கப்புறம்தான் தத்து ஆணை. நல்ல நாள் பார்த்துச் சடங்கையும் பதிவையும் முன்கூட்டியே முடித்துவிட்டால் (ஆச்சிமார் அவசரப்படுத்துவார்கள்!) ஐ-800 நிராகரிக்கப்படலாம்.

2022 செப்டம்பர் முதல் இளைஞர் நீதிச் (சிறார் நீதி) சட்டப்படி தத்து ஆணை தருவது நீதிமன்றமல்ல, மாவட்ட ஆட்சியர்; காரைக்குடிக்குச் சிவகங்கை ஆட்சியர். அவருக்குக் கெடு 2 மாதம். பிறகு, தத்து ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்ற காராவின் இணக்கச் சான்று, பாஸ்போர்ட், கடைசியில் விசா.