தொப்பி போடாத ஷெர்லக்

அக்கா பொண்ணு போன வாரம் எட்டுப் பக்கம் வரைந்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். ஷெர்லக் ஹோம்ஸின் இளமைக்காலம், காமிக்ஸாக. காட்பாடியில் பொறியியல் படிக்கிறாள், ஆனால் டேப்லெட்டில் வரைவதுதான் முழுநேர வேலை. கோடுகள் பிரமாதம். வேலூர் மே மாத வெயிலில் உட்கார்ந்துகொண்டு லண்டன் பனிமூட்டத்தை வரையத் தனி தைரியம் வேண்டும்.

கதைதான் பிடிக்கவில்லை. "இன்னா மாமா இப்படிச் சொல்லிட்டீங்க" என்று முகம் சுருங்கிவிட்டது. போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

முதல் பக்கத்திலேயே பதினைந்து வயதுப் பையன், காது மடல் வைத்த தொப்பி, வாயில் பைப். இரண்டாம் பக்கத்தில் அவன் அம்மாவை யாரோ கொன்றுவிடுகிறார்கள். கொன்றவனைத் தேடித்தான் பையன் துப்பறிவாளன் ஆகிறான். தங்கச்சி செத்தால்தான் ஹீரோ அரிவாள் எடுப்பான் என்கிற நம்ம சினிமா கணக்கு.

தொப்பியை விடுங்கள். அது வெளியூர்ப் பயணத்துக்குப் போடுவது. ஹோம்ஸ் கதைகள் வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிட்னி பேஜட் வரைந்த படங்களிலிருந்து கிளம்பி, ஆளின் தலையிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அவன் குடும்பம் பற்றிச் சொன்னது கைவிரலில் எண்ணக்கூடியது: முன்னோர் கிராமத்து நிலக்கிழார்கள், பாட்டி ஒரு பிரெஞ்சு ஓவியரின் தங்கை, மைக்ராஃப்ட் என்று ஏழு வயது மூத்த அண்ணன். அப்பா அம்மா பற்றிப் பேச்சே இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் ஆள் இத்தனை வருஷமாக நம்மை இழுக்கிறான். அங்கே ஒரு பிணத்தைப் போட்டு அடைத்தால் சுவாரசியம் போச்சு.

இளமைக்காலத்துக்கு டாயிலே இரண்டு கதைகள் எழுதி வைத்திருக்கிறார், இரண்டும் 1893ல் வந்தவை. முதல் கதையில் ஹோம்ஸ் கல்லூரி மாணவன். ஒரே ஒரு நண்பன், விக்டர் டிரெவர். அந்த நட்பும் எப்படி வந்தது? டிரெவரின் நாய் இவன் கணுக்காலைக் கடித்துவிடுகிறது. பத்து நாள் படுக்கை. பார்க்க வந்து போனதில் பழக்கம். நாய்க்கடியில் தொடங்கும் துப்பறிவாளனை விட்டுவிட்டு ஏன் கொலையில் தொடங்க வேண்டும்?

விடுமுறைக்கு நண்பன் வீட்டுக்குப் போகிறான். அவன் அப்பா விளையாட்டாக, "என்னைப் பற்றி ஏதாவது சொல்லு பார்ப்போம்" என்கிறார். இவனும் ஒவ்வொன்றாக அடுக்குகிறான். கடைசியாக, ஜே.ஏ. என்ற முதலெழுத்துகள் கொண்ட ஒருவரோடு நெருங்கிப் பழகி, பிறகு அவரை மறக்கப் பார்த்தீர்கள் என்கிறான். பெரியவர் மேசைமேல் மயங்கி விழுகிறார். படகில் மீனை இழுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டபோது முழங்கை மடிப்பில் ஜே.ஏ. என்று குத்தி, அரைகுறையாக அழித்த பச்சை தெரிந்ததாம். அவர் தெளிந்து எழுந்து, இதுதான் உன் தொழில் என்கிறார். அதுவரை பொழுதுபோக்காக இருந்தது அன்றுதான் பிழைப்பாகலாம் என்று தோன்றியது என்கிறான் ஹோம்ஸ். விருந்துக்குப் போன வீட்டில் பெரியவரின் நிம்மதியைக் கெடுத்துவிட்டு வந்த பையன். இதைவிட என்ன வேண்டும்?

அந்த மீன் பிடிக்கும் காட்சியை எழுத்தில் முன்கூட்டிச் சொன்னால் வாசகன் உஷாராகிவிடுவான். காமிக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கம் முன்னாலேயே ஒரு சின்னக் கட்டத்தில் பெரியவர் மீனை இழுக்கட்டும். பச்சையும் அங்கேயே இருக்கட்டும். நாம் மீனைப் பார்ப்போம், பையன் கையைப் பார்த்திருப்பான்.

ஹோம்ஸின் கூடவே திரிந்து கதை சொல்லும் நண்பர் வாட்சன் இன்னும் வராத காலம் இது. பார்த்தும் புரியாத ஆளாக நமக்குப் பதில் அவர் நின்றதால்தான் மற்ற கதைகள் ஓடின. இவள் அந்தக் குறையை அம்புக்குறியும் சிந்தனைக் குமிழும் போட்டு நிரப்பியிருக்கிறாள். ஐந்தாம் பக்கம் அறிவியல் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. அதையெல்லாம் அழித்துவிட்டு வாட்சன் வேலையைக் கட்டத்திடம் விடு என்பதுதான் என் கட்சி. (நான் வரைய மாட்டேன். லாங் பஜார் பக்கம் பழைய பேப்பர் கடையில் முத்து காமிக்ஸை எடைக்கு வாங்கிப் படித்த தகுதி மட்டும் உண்டு.)

இன்னொன்று, பையன் தப்பு பண்ண வேண்டும். இரண்டாவது கதையான மஸ்கிரேவ் கதையில், நண்பன் மஸ்கிரேவின் குடும்பத்துப் பழைய புதிர் வரிகளை வைத்து, வெட்டிப் போட்ட ஒரு மரத்தின் நிழல் எங்கே விழுந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறான். ஆறடிக் கம்புக்கு ஒன்பதடி நிழல், அப்போது 64 அடி மரத்துக்கு 96 அடி. அடி அடியாக அளந்து போய் நின்றால் ஒன்றுமில்லை. "புதிரில் 'கீழே' என்பதை விட்டுட்டியே" என்று நண்பன்தான் எடுத்துக் கொடுக்கிறான். மேதையின் முகம் அசடு வழியும் அந்தக் கட்டத்துக்கு நான் முழுப் பக்கம் கொடுப்பேன்.

பாபு ராவ் தெருவில் எனக்குத் தெரிந்த லாட்ஜ் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் பையை இறக்கும் முன்பே கொல்கத்தாவா, அசாமா, வங்கதேசமா என்று சொல்லிவிடுவார். டாயிலுக்கு எடின்பரோவில் மருத்துவப் பாடம் எடுத்த ஜோசப் பெல்லும் இப்படித்தான், வந்து நின்ற நோயாளியைப் பார்த்தே ராணுவத்தில் இருந்தவர், பார்படோஸிலிருந்து வந்தவர் என்று சொன்னவர். அண்ணனிடம் ரகசியம் கேட்டேன். "முதல் ரெண்டு வருஷம் சொன்னதெல்லாம் தப்புப்பா, நல்லா திட்டு வாங்கினேன்" என்றார். எனக்கு அந்த ரெண்டு வருஷம்தான் காமிக்ஸாக வேண்டும்.

நம்ம பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழைய வடாற்காட்டு ஆரணிக்காரரான குப்புசாமி முதலியார் நூறு வருஷத்துக்கு முன்பே ஆனந்த சிங் என்ற துப்பறிவாளரைத் தமிழில் உலவவிட்டவர். அவரையும் ஒரு நாள் வரையச் சொல்லியிருக்கிறேன். "முதல்ல இதை முடிக்க விடுங்க மாமா" என்றாள்.

நேற்று ராத்திரி ஒரே ஒரு கட்டம் வந்தது. ஏரி, படகு, தொப்பியில்லாத பையன், தூண்டிலை இழுக்கும் பெரியவர். விரலால் பெரிதாக்கிப் பார்த்து, மீன் அருமை என்று பதில் போட்டேன்.

"கையைப் பாருங்க மாமா" என்று வந்தது.