ஆர்வம் வரட்டும் என்று காத்திருந்த ஆண்டுகள்

"முன்பெல்லாம் நிறைய வாசிப்பேன், இப்போது மனம் ஒன்றுவதில்லை" என்று நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானே ஏறத்தாழ 6 ஆண்டுகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த ஆண்டுகளில் புத்தகம் வாங்குவதை நான் நிறுத்தவில்லை. வேலைச்சுமை குறையட்டும், மனம் தெளியட்டும், பழைய ஆர்வம் திரும்பட்டும், அதன்பின் நிதானமாக வாசிக்கலாம் என்று ஒவ்வொரு நூலையும் பிரிக்காமலேயே அடுக்கி வைத்தேன். அப்படி ஒரு நாள் தானாக வரப்போவதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வாசிப்பு எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆர்வம் பெரும்பாலும் வாசிக்கத் தொடங்கிச் சில பக்கங்கள் கடந்த பிறகுதான் வருகிறது. அதை முன்கூட்டியே எதிர்பார்ப்பதால்தான் பலர் முதல் பக்கத்தையே தொடாமல் நின்றுவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

பேச்சு, சுற்றியிருப்பவர்கள் பேசக் கேட்டே குழந்தைக்கு வந்துவிடுகிறது. எழுத்து அப்படி வருவதில்லை. அதை யாராவது கற்றுத் தர வேண்டும். எழுத்துமுறைகள் தோன்றி 5,000 ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருக்கிறது. வாசிப்பதற்கென்றே மூளையில் தனியொரு பகுதி பரிணமிக்க இது போதாத காலம். ஆகவே உருவங்களை அடையாளம் காணும் வேலையைச் செய்துவந்த பகுதிகளில் ஒன்று, பயிற்சியின் வழியாக எழுத்துகளையும் சொற்களையும் அடையாளம் காணப் பழகிக்கொள்கிறது என்று பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் விளக்குகிறார். வரியின்மீது நம் கண் சீராக ஓடுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது நொடிக்கு மூன்று நான்கு முறை நின்று நின்று தாவுகிறது. அவ்வப்போது பின்னோக்கியும் தாவி, விட்ட சொல்லை மீண்டும் பார்த்துக்கொள்கிறது. இவ்வளவு வேலை நடக்கும் ஒரு திறனை நெடுநாள் விட்டுவிட்டு மீண்டும் தொட்டால், முதல் சில பக்கங்கள் பாரமாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒரே பத்தியை மூன்று முறை வாசித்தும் பொருள் மனத்தில் தங்கவில்லை. அதை ஆர்வம் செத்துப்போனதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு நூலை மூடி வைத்துவிட்டேன். நெடுங்காலம் நடக்காதவர் முதல் நாள் நடையில் கால் வலித்ததும் தமக்கு நடப்பதே பிடிக்காது என்று முடிவு செய்வதைப் போன்ற தவறு அது.

பின்பு ஒரு புத்தாண்டில், ஆண்டுக்கு 50 நூல்கள் என்று இலக்கு வைத்துக்கொண்டேன். எண்ணிக்கை நிறைவேறியது. ஆனால் அந்த ஆண்டில் நான் நூல்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மெல்லிய நூல்களாகப் பார்த்து எடுத்தேன். நின்று யோசிக்க வேண்டிய இடங்களை வேகமாகக் கடந்தேன். ஒன்றை முடித்ததும் கிடைத்த நிம்மதி, முடித்த நூலைப் பற்றியதாக இல்லாமல் பட்டியலில் ஏறிய எண்ணைப் பற்றியதாகவே இருந்தது. இலக்கு முடிந்த மறுவாரமே வாசிப்பும் நின்றுபோனது.

இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து, யாரும் எதையும் வற்புறுத்தாத விளையாட்டு நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் வரைவதில் செலவிட்டார்கள். பரிசை எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. தானே இன்பமாக இருந்த ஒன்று, வேறெதற்கோ கொடுக்கும் விலையாக மாறியதும் சுவை இழந்துவிடுகிறது. அதனால்தான் 'இத்தனை புத்தகம் படித்தால் இது வாங்கித் தருகிறேன்' என்று பிள்ளைகளிடம் பேரம் பேச வேண்டாம் என்று பெற்றோர்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வாசித்ததைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கதையில் யாரை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள்.

பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்ற பேச்சும் பலரைச் சோர்வடையச் செய்கிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், மாற்றியமைக்கப்பட்ட தம் முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள்கள் ஆகின்றன என்று 1960-இல் எழுதியதிலிருந்து பரவிய எண் அது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் வழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள்கள் ஆவதாகக் கண்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை வேறுபட்டது. அவர்கள் ஆராய்ந்தவை உண்பது, பருகுவது, உடற்பயிற்சி போன்ற செயல்கள்தாம், வாசிப்பு அன்று. ஆயினும் அதே ஆய்வு சொன்ன இன்னொன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படுவதில்லை. ஒரு நாள் விட்டுப்போனதற்காக முழு முயற்சியையும் கைவிட்ட என்னைப் போன்றவர்கள் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இப்போது நான் கடைப்பிடிப்பது மிக எளிய ஏற்பாடு. இரவில் பல் துலக்கியதும் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தலையணைமேல் முன்பே கிடக்கும் நூலை எடுத்துப் பத்துப் பக்கம் வாசிக்கிறேன். 'இது முடிந்ததும் அது' என்று ஒரு செயலோடு கட்டி வைத்திருப்பதால், வாசிக்கலாமா என்று ஒவ்வோர் இரவும் மனத்தோடு வழக்காட வேண்டியிருப்பதில்லை. உடல் நலமில்லாத நாளில் இரண்டு பக்கம் போதும். பத்துப் பக்கம் என்பது ஓராண்டில் 3,650 பக்கங்கள், அதாவது 300 பக்க நூல்கள் பன்னிரண்டு. இதை இன்னோர் இலக்காகச் சொல்லவில்லை. நேரமில்லை என்ற கவலையோடு இருப்பவர்களுக்காக மட்டுமே சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிடிக்காத நூலைப் பாதியில் விடுவது குற்றமென்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். தடித்த நாவல் ஒன்று என் படுக்கையருகே நான்கு மாதங்கள் கிடந்தது. அதை முடிக்காமல் வேறொன்றைத் தொடக் கூடாது என்ற பிடிவாதத்தால் அந்த நான்கு மாதங்களும் எதையும் வாசிக்கவில்லை. கடினமான நூல்கள் நம் பொறுமைக்குத் தகுதியானவை என்பதை நான் மறுக்கவில்லை. புரியாமல் திணறியபடியே தொடர்ந்து சென்று பெரும் நிறைவு பெற்ற நூல்கள் எனக்கும் உண்டு. ஆனால் திணறலுக்கு நடுவிலும் அடுத்து என்ன என்ற விருப்பம் மிச்சமிருக்கும். அந்த நாவலில் எனக்கு அதுகூட இல்லை. ஒருநாள் அதை அலமாரியில் வைத்துவிட்டு வேறொரு நூலை எடுத்தேன், மூன்று இரவுகளில் முடித்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நாவலை மீண்டும் எடுத்தபோது, முன்பு என்னைச் சலிப்படையச் செய்த அதே தொடக்க அத்தியாயத்தில், ஒரு முதியவர் யாரும் இல்லாத வீட்டில் விளக்கேற்றும் பக்கத்தை, அடுத்த பக்கம் போக மனமின்றித் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.