தேயிலை ஃபேக்டரி லாபத்தில் ஊருக்கு 2 சதவீதப் பணமா?

"எல்லா தேயிலை ஃபேக்டரியும் லாபத்தில் 2 சதவீதத்தைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பிரித்துத் தரணும்" என்று கோத்தகிரி, குன்னூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. பாதி சரி, மீதி கதை.

சட்டம் உண்டு: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும் என்கிறது அது. ஆனால் முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிச்சம்) 500 கோடி, விற்றுமுதல் (ஆண்டு விற்பனை) 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஒன்றையாவது தொட்ட கம்பெனிக்குத்தான். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் சின்ன ஃபேக்டரி பெரும்பாலும் இதில் வராது. கூட்டுறவு ஃபேக்டரி கம்பெனியே இல்லை.

ஆளுக்கு இவ்வளவு என்று கையில் தருவதும் கிடையாது. பள்ளிக் கழிப்பறை, குடிநீர், மருத்துவ முகாம் என்று திட்டமாகத்தான் செலவாகும். உள்ளூருக்கு முன்னுரிமை உண்டு. சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்வது சேராது. தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லயன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு சமூகப் பணி என்று கணக்குக் காட்ட முடியாது!