பொய் வழக்குக்கு அதிகபட்ச இழப்பீடு 3,000 ரூபாய்

என் சித்தப்பாவின் நில வழக்கு போன மாதம் முடிந்தது. அவர் மேல் போட்ட பிராது (வழக்கு மனு) தள்ளுபடி. 11 வருடம் ஆனது. எதிராளி காட்டிய பத்திரத்தில் இருந்த சர்வே எண்ணே வேறு, அதை முதல் நாளே யாராவது கையில் வாங்கிப் படித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நடுவில் நிலத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் கமிஷனர் போட மனு, பிராதைத் திருத்த மனு, இன்னொருவரைக் கட்சி சேர்க்க மனு, அப்புறம் வாதியே வராததால் வழக்கு தள்ளுபடியாகி, அதை மீட்க ஒரு மனு. வழக்கு இருக்கிற நிலத்துக்கு வங்கிக்காரர் கடன் தரமாட்டார், வாங்க வந்தவரும் போய்விட்டார், மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார் சித்தப்பா. தீர்ப்பின் கடைசி வரி: செலவுத்தொகை (தோற்றவர் ஜெயித்தவருக்குத் தரும் வழக்குச் செலவு) இல்லை.

அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 35ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொய் என்று தெரிந்தே வழக்குப் போட்டாலோ, தெரிந்தே பொய்யான எதிர்வாதம் வைத்தாலோ, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். எவ்வளவு? அதிகபட்சம் 3,000 ரூபாய். 1976-ல் ஆயிரத்திலிருந்து மூவாயிரமாக உயர்த்தினார்கள், அதோடு சரி. சித்தப்பாவுக்கு அது இரண்டு மூன்று வாய்தாவுக்கு வக்கீலையும் பஸ்ஸையும் சாப்பாட்டையும் சேர்த்தால் ஆகிற செலவு. இது ரொம்பக் குறைவு என்று உச்ச நீதிமன்றமே 2010-ல் சொல்லிவிட்டது. 2015-ல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தபோது வணிக வழக்குகளுக்கு மட்டும் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் தொழில் செய்கிறவருக்கு முழு இழப்பீடு கிடைக்கலாம், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு மூவாயிரம்தான் என்றால் இதில் என்ன நியாயம்?

முளையிலேயே கிள்ளவும் வழி இருக்கிறது. வழக்குக்கான காரணமே பிராதில் இல்லை என்றால் அதே சட்டத்தின் கட்டளை 7 விதி 11-ன்படி நிராகரிக்கலாம். 1977-ல் பெங்களூரு வாடகைத் தகராறு ஒன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கோபமாகவே எழுதினார்: கெட்டிக்காரத்தனமாக எழுதி வழக்கு இருப்பதுபோல் காட்டினால் முதல் விசாரணையிலேயே அதை முடியுங்கள், கட்சிக்காரரைக் கூப்பிட்டுக் கேள்வி கேளுங்கள் என்று. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ வழக்குகளைக் கூப்பிட வேண்டிய முன்சீப் கோர்ட்டில் அதற்கு யாருக்கு நேரம்? வாய்தா கொடுப்பது சுலபம். முன்சீப் கோர்ட் நீதிபதியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2011-ல் ஒரு வீட்டு வழக்கை நாற்பது வருடம் இழுத்தடித்தவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2 லட்சம் ரூபாய் செலவுத்தொகை போட்டது. உண்மையான செலவை வசூலிக்காமல், பொய்யால் கிடைத்த ஆதாயத்தைப் பறிக்காமல் இது நிற்காது என்றும் சொன்னது. சரியான பேச்சு. ஆனால் அது டெல்லியில் சொன்னது, நம் தாலுகா கோர்ட்டில் இன்னும் 'அவரவர் செலவு அவரவருக்கு' என்றுதான் எழுதுகிறார்கள். நம் மாநிலத்திலேயே, அன்றைய சென்னை மாகாணம், 1949-ல் ஒரு சட்டம் போட்டது. வழக்குப் போடுவதையே வழக்கமாக வைத்திருப்பவர் இனி அனுமதி வாங்காமல் வழக்குப் போடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் அதற்கு அரசுத் தலைமை வழக்கறிஞர் மனு செய்ய வேண்டும். கிராமத்து ஆள் எங்கே போய் அவரைப் பார்ப்பது?

பெரிய தொகை போட்டால் ஏழைகள் கோர்ட்டுக்கே வரப் பயப்படுவார்கள் என்று வக்கீல் நண்பர் ஒருவர் வாதிட்டார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் நம்பி வழக்குப் போட்டுத் தோற்பது வேறு, பொய் என்று தெரிந்தே போடுவது வேறு. 35ஏ கேட்பது அந்த இரண்டாவதைத்தான். அதனால் உங்கள் மேல் பொய் வழக்கு வந்தால், பிராதுக்குப் பதிலாகத் தரும் எதிருரையிலேயே 'இது தெரிந்தே போட்ட பொய் வழக்கு, இழப்பீடு வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். ஆட்சேபனை சொல்லாதவருக்கு அந்தப் பிரிவு உதவாது. சித்தப்பாவின் வக்கீல் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நேற்று அப்பீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 35ஏ அப்பீலுக்குப் பொருந்தாது. சித்தப்பாவுக்கு இப்போது 71 வயது.