எஃப்12 தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்

விண்டோஸுக்குள் சமர்த்தாக ஓடுகிற அதே கீபோர்டு, கணினி கிளம்பும்போது எஃப்12 தட்டினால் வரவேண்டிய பூட் மெனுவில் (எதிலிருந்து கிளம்பணும் என்று தேர்வு செய்யும் பட்டியல்) மட்டும் கல்லாகக் கிடக்கும். நம்லாக் விளக்குகூட எரியாது. பெரும்பாலும் ஃபாஸ்ட் பூட் செய்கிற வேலை. ஓரிரு நொடி மிச்சம் பிடிக்க யூஎஸ்பியை எழுப்பாமலே தாண்டிவிடுகிறது. அதை அணைக்க பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போகணும். போவதற்குக் கீபோர்டு வேணும். என்ன கூத்து இது!

விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியே யூஇஎஃப்ஐ (புதுக் கணினிகளின் பயாஸ்) செட்டிங்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் பூட்டை அணைத்து, விண்டோஸ் ஏறுமுன்பே யூஎஸ்பி கீபோர்டை வேலை செய்யவைக்கும் லெகசி யூஎஸ்பி சப்போர்ட்டைப் போடுங்கள். ஹப்பில் செருகியிருந்தால் பிடுங்கி, பின்பக்கக் கறுப்பு யூஎஸ்பி 2.0 துளையில் நேராகச் செருகுங்கள். பழைய மதர்போர்டுகள் சிலவற்றில் நீல (யூஎஸ்பி 3.0) துளை, விண்டோஸில் அதற்கான டிரைவர் ஏறும்வரை வெறும் ஓட்டைதான். கலர் கலராக மின்னுகிற கேமிங் கீபோர்டா? சிலவற்றில் சாதாரணக் கீபோர்டுபோல நடந்துகொள்ள பயாஸ் மோடு என்று தனியாக ஒன்று உண்டு, அதைப் போடுங்கள். மின்னத் தெரிகிறது, எஃப்12 அனுப்பத்தான் தெரியவில்லை.